காட்டுவள்ளி இடப்பக்கம் சுற்றும்

போன வாரம் எங்கள் ஆய்வகத்து வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் வந்தது. பால்கனிக் கம்பியில் ஏறிய கொடி. இதய வடிவ இலைகள். ஓர் இலைக்காம்பின் அடியில் சின்ன உருளைக்கிழங்கு போல ஒரு காய். படத்தைப் போட்ட பெண் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். “செல்போன் ஆப்பில் காட்டினேன் மேடம், உடனே பெயர் சொல்லிவிட்டது. உங்கள் காட்டுவள்ளி!” என்று எழுதியிருந்தாள்.

அடுத்ததாக ஜாவீத் குரல்செய்தி அனுப்பினான். வேதியியல் பிரிவில் என் கூடவே வேலை பார்த்தவன், ஹைதராபாத்துக்காரன். “ஹவ் மேடம், ஆப் வந்துருச்சு. நல்ல வேளை, அது உங்களை வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களே போயிட்டீங்க!”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தது இந்த வருடம்தான். முழங்கால் வலி ஒரு காரணம், மகளின் திருமணம் இன்னொரு காரணம், ஆப் காரணமில்லை. ஆனால் குழுவில் இருந்த இளையவர்கள் விடவில்லை. “ஆப் தோற்ற கதை ஒன்று இருக்காமே, அந்தப் புடவைக் கேஸை எழுதுங்கள் மேடம்” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்தக் கேஸ் நடந்தபோது எங்களிடம் ஆப் எதுவும் இல்லை, தோற்கப் பார்த்தது நாங்கள்தான். அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். தெலுங்கிலும் உருதுவிலும் நடந்த பேச்சையெல்லாம் தமிழில் தருகிறேன். ஜாவீதின் ‘ஹவ்’, ‘நக்கோ’ இரண்டை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். அவற்றுக்கு ‘ஆமாம்’, ‘வேண்டாம்’ என்று பொருள் எழுதிவிட்டால் ஜாவீத் காணாமல் போய்விடுவான்.

எங்கள் ஆய்வகம் ஹைதராபாத் ஓரத்தில், குஷாய்குடாவைத் தாண்டி ஒரு தொழிற்பேட்டைச் சந்தில் இருக்கிறது. ஆயுர்வேத, சித்த மருந்துக் கம்பெனிகள் வாங்கும் வேர், பட்டை, கிழங்கு, விதை எல்லாம் அங்கே வரும். மூட்டையில் எழுதியிருக்கிற பெயருக்கும் மூட்டைக்குள் இருக்கிற பொருளுக்கும் பொருத்தம் உண்டா என்று சொல்வது எங்கள் வேலை. மருத்துவப் பலனை நாங்கள் சொல்ல மாட்டோம். இது இன்னது, இது இன்னதில்லை, அவ்வளவுதான். வசம்பும் கோஷ்டமும் பெருங்காயமும் கலந்த ஒரு வாசனை உடையில் ஏறிவிடும். மாலையில் செகந்திராபாத் பஸ்ஸில் ஏறினால் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். அந்த வசதியை நான் வருத்தத்தோடு அனுபவித்தேன் என்று சொல்ல முடியாது.

தாவரவியல் பட்டத்தோடு சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சவரப் பிளேடால் வேரையும் கிழங்கையும் காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவக் கற்றேன். சீவலைச் சாயத்தில் நனைத்து மைக்ரோஸ்கோப்பில் வைக்கக் கற்றேன். விரல் வெட்டாமல் வேலை செய்யக் கற்றது அதற்கும் பிறகு.

பிரிவுத் தலைவர் சுப்பாராவ் சார். மெலிந்த உடம்பு, அரைக்கைச் சட்டை, பையில் ஒரு கைலென்ஸ். அவர் பொருளைப் பார்க்கும் முறைக்கு ஒரு வரிசை உண்டு, அது மாறி நான் கண்டதில்லை. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். பொருளை வெள்ளைத் தட்டில் கொட்டிக் கொஞ்ச நேரம் தொடாமலே பார்ப்பார். பிறகு மோந்து பார்ப்பார். பிறகு லென்ஸ், பிறகு ஒடிப்பது, ஒடியும் சத்தத்தைக் கேட்பது. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மூட்டையின் லேபிளைப் படிப்பார். “பேரை முதல்ல படிச்சா, கண்ணு அந்தப் பேரையே தேடும்” என்பார். முடிவை வாயால் சொல்ல மாட்டார். மேசையில் உட்கார்ந்து, எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது முடிவு. கம்பெனி மேனேஜர்கள் வராந்தாவில் நின்று கெஞ்சினாலும் “எழுதித் தரேன்” என்ற ஒரே பதில்தான்.

நாங்கள் ஏதாவது சொல்லப் போனால் ஒரு கேள்வி கேட்பார்: “எஸ்தரம்மா, பார்த்தீங்களா, நினைச்சீங்களா?” பார்த்தேன் என்றால் எங்கே என்று காட்ட வேண்டும். நினைத்தேன் என்றால் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இரண்டு பதிலுக்கும் அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. பார்க்காமல் பார்த்தேன் என்றால்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அதை யாரும் விரும்ப மாட்டோம்.

காட்டுவள்ளி என் கைக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் கை அரித்தது. சாதாரண வள்ளிக்கிழங்கு என்று நினைத்துக் கையுறை இல்லாமல் தோல் சீவிவிட்டேன். மணிக்கட்டு வரை சிவந்து நான் சொறிந்துகொண்டு நின்றதைப் பார்த்து ஜாவீத், “கையுறை நக்கோன்னு யார் மேடம் சொன்னது?” என்று கேட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெய் தேடி ஓடினான். பிறகு அந்தச் சீவலையே மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஊசிகளைக் கட்டாகக் கட்டி வைத்தது போல மெல்லிய படிகங்கள், ஒளி பட்டு மின்னின. என் கையில் குத்தியவை அவைதான். அரிப்பை மறந்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று தொடங்கிய சிநேகம்.

வள்ளியில் பல இனங்கள் உண்டு. நாம் பொங்கலுக்கு வேகவைத்துச் சாப்பிடுவது வீட்டு இனம். காட்டுவள்ளி என்று நான் சொல்வது மருந்துக்கடைக்காரர்கள் ‘வராகி’ என்று விற்பது. மண்ணுக்குள் பந்து போல ஒரு கிழங்கு, மேலெல்லாம் கம்பி மாதிரி வேர்கள். மண்ணுக்கு மேலே மழைக்காலத்தில் ஒரு கொடி. பூ பூப்பதை நம்பி அது உட்கார்ந்திருப்பதில்லை. இலைக்காம்பு தண்டில் சேரும் கக்கங்களில் காய் போலத் தோன்றும் குட்டிக் கிழங்குகளைத் தொங்கவிடும். அவை உதிர்ந்து உருண்டு, அடுத்த மழையில் முளைக்கும். இலையெல்லாம் பனிக்காலத்தில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அப்போது பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்பார்கள். கிழங்கு உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும்.

பழைய வைத்திய நூல்களில் இதை உடம்பு தேற்றும் மருந்து என்பார்கள். மூலத்துக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் இருமலுக்கும் சேர்ப்பார்கள், வீக்கத்துக்கு அரைத்துப் பற்றுப் போடுவார்கள். அதே கிழங்கைப் பக்குவம் செய்யாமல் உள்ளுக்குச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. காட்டோரத்து மக்கள் வில்லையாக நறுக்கி, வேகவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசப்பை எடுப்பார்கள். எனவே இதைப் படிக்கிற யாரும் பால்கனியில் காய்த்ததைப் பறித்துக் கூட்டு வைக்க வேண்டாம்.

இந்தக் கிழங்கால் எனக்குக் கிடைத்த ஒரு விருந்தாளியையும் சொல்லிவிடுகிறேன். கச்சிபௌலியில் ஐடி வேலை பார்க்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பெண். சர்ச்சில் தெரிந்தவர்கள் மூலம் என் நம்பரை வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கையில் நெட்டில் வாங்கிய கிரீம். காட்டுவள்ளிச் சத்து, மாதவிடாய் நிற்கும் வயதில் ஹார்மோன் தரும் என்று அட்டையில் எழுதியிருந்தது.

“ஏனுங்க்கா, இது வேலை செய்யுமுங்களா? எங்கம்மாவுக்கு வாங்குனனுங்க. கரும வெல.”

“ஹார்மோன் மருந்து செய்ற கம்பெனி வள்ளிக் குடும்பத்துல வேற ஒரு கிழங்கிலிருந்து ஒரு பொருளை எடுத்தது உண்மைம்மா. ஆனா அதைப் பல படியா மாத்தித்தான் மருந்து ஆக்கினாங்க. அரிசி மாவு இட்லி ஆகணும்னா நடுவுல அடுப்பு வேணும் இல்லையா?”

“ஆமாங்க்கா.”

“நம்ம உடம்புக்குள்ள அந்த அடுப்பு இல்ல.”

அவள் கிரீமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்ப நான் மாவை வாங்கி எங்கம்மா கையில பூசி உட்டுருக்கனுங்க!” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் என் கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அம்மாவை நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறாள்.

இனி அந்தக் கேஸ்.

ஹைதராபாத்துக்குத் தெற்கே, நல்லமலைக் காட்டோரத்தில் ஒரு கிராமம். அங்கே பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து காட்டுவள்ளி தோண்டி, வில்லை போட்டு, வேகவைத்துக் காயவைத்து, முதல் முறையாக ஒரு மருந்துக் கம்பெனிக்கு நேரடியாக விற்கப் பேசியிருந்தார்கள். அதுவரை ஒரு குத்தகைக்காரர் நடுவில் இருந்தார். அவர் கூட்டி வரும் ஆட்கள் குழியை அடியோடு தோண்டிவிடுவார்கள், அடுத்த வருடம் அங்கே கொடி இருக்காது. இந்தப் பெண்கள் கிழங்கின் தலைப்பகுதியை வெட்டி அதே குழியில் திரும்ப வைத்து மூடுவார்கள். கம்பெனி போட்ட நிபந்தனை ஒன்றே: முதல் சரக்கு எங்கள் ஆய்வகத்தில் தேற வேண்டும். அந்த வாரக் கடைசிக்குள் தேறாவிட்டால் ஒப்பந்தம் பழையபடி குத்தகைக்காரருக்குப் போகும்.

மூட்டைகள் வந்தன. வட்ட வில்லைகள், ஓரத்தில் கம்பி வேர்களின் அடிக்கட்டைகள். பார்வைக்குக் காட்டுவள்ளிதான். ஆனால் உருண்டைக் கிழங்கு வேறு சில வள்ளிகளுக்கும் உண்டு. அதைப் பிரித்துச் சொல்வது மாவுமணிகளின் வடிவம். இவர்களோ கம்பெனி சொன்னபடியே வேகவைத்துவிட்டார்கள். வெந்த கிழங்கில் மாவுமணி ஊதி உடைந்து கஞ்சியாகிவிடும். மைக்ரோஸ்கோப் ஒன்றும் சொல்லாது. ஜாவீதின் சோதனை, வள்ளிக் குடும்பம் என்பது வரை சொன்னது. “என் ரோடு இங்க முடிஞ்சது மேடம், இனி உங்க ரோடு” என்று காகிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மீதி இருந்தது புகைப்படம். இந்த மாதிரிச் சரக்கோடு, தோண்டிய இடத்தில் செடி நிற்கும் படம் ஒன்று வர வேண்டும் என்பது எங்கள் விதி. வேறு எங்கோ எடுத்த படத்தை ஒட்டிவிடக் கூடாது என்று, சேகரித்தவரும் செடியோடு தெரிய வேண்டும் என்று சேர்த்திருந்தோம். குழுவின் தலைவி லட்சுமம்மா கொடிக்குப் பக்கத்தில் நிற்கும் படம் வந்திருந்தது. இலை பச்சையாக இருந்த காலத்தில் எடுத்தது. இலை இதய வடிவம், சரி. தண்டு உருண்டை, சரி. ஆனால் கொடி வலப்பக்கம் சுற்றி ஏறியிருந்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். வள்ளிகளில் ஒவ்வோர் இனமும் தனக்கென்று ஒரு திசை வைத்திருக்கிறது. எதிரே நின்று பார்த்தால், குச்சியின் முன்பக்கம் தெரியும் தண்டு இடது மேல்பக்கமாக ஏறினால் இடச்சுற்று. வலது மேல்பக்கமாக ஏறினால் வலச்சுற்று. மறுபக்கம் போய் நின்று பார்த்தாலும் மாறாது. வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும் மாறாது. காட்டுவள்ளி இடச்சுற்று. நான் கையில் வாங்கிய ஒரு காட்டுவள்ளிகூட வலப்பக்கம் சுற்றியதில்லை.

சுப்பாராவ் சார் அந்தப் படத்தை அச்செடுக்கச் சொல்லி, தொடாமல் பார்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். நான் பார்த்தேன். இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். எல்லோருக்கும் வலச்சுற்றுதான் தெரிந்தது. ‘நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தள்ளுபடி இல்லை, ஆனால் அந்த வாரம் முடிந்தால் இரண்டும் ஒன்றுதான்.

மறுநாள் காலை லட்சுமம்மாவே வந்துவிட்டாள். விடிவதற்கு முன்பே பஸ் ஏறியிருக்க வேண்டும். நாற்பது வயதிருக்கும், வெற்றிலைக் கறை படிந்த பல், குரல் கணீரென்று இருந்தது. வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“எந்த மகராசன் எங்க கிழங்கைக் கிழங்கில்லைன்னு எழுதினது? வரச் சொல்லுங்க, மூஞ்சியைப் பார்க்கணும்.”

“கிழங்கில்லைன்னு யாரும் எழுதலைம்மா. உள்ள வந்து உட்காருங்க, தண்ணி குடிங்க.”

“தண்ணி குடிக்கவா பஸ் ஏறி வந்தேன்?” என்றாள். ஆனாலும் குடித்தாள். “பதினோரு குடும்பம் இதை நம்பி இருக்கு. அந்தக் குத்தகைக்காரன் எங்க ஊர் டீக்கடையில உட்கார்ந்து, ‘வாங்கடியம்மா திரும்பி’ன்னு சிரிச்சுக்கிட்டு இருக்கான். நான் எந்த மூஞ்சியோட போவேன்?”

அவள் எதிரே மேசையில் அந்தப் படம் கிடந்தது. அதை எடுத்து, கொடி எந்தப் பக்கம் ஏறுகிறது என்று காட்டி விளக்குவதற்காக அவள் பக்கம் திருப்பினேன். அவள் முகத்தைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், மறுபடி அவளைப் பார்த்தேன். அவள் முந்தானை இடது தோளில் கிடந்தது, என்னுடையதைப் போலவே. படத்தில் அது வலது தோளில் இருந்தது.

“லட்சுமம்மா, உங்க ஊர்ல முந்தானையை வலது தோள்லயும் போடுவீங்களா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “கிழங்கைப் பத்திக் கேட்க வந்தா நீ புடவையைப் பத்திக் கேட்கறியே. நான் என்ன சேட்டு வீட்டு மருமகளா, வலது தோள்ல போட?”

“இந்தப் படத்தை யார் எடுத்தது?”

“நான்தான். எல்லாரும் தோண்டிக்கிட்டு இருந்தாங்க. செடியோட நானும் தெரியணும்னு உங்க காகிதம்தானே சொல்லிச்சு? கையை நீட்டி நானே எடுத்துக்கிட்டேன்.”

செல்ஃபி! எனக்கு மேசையைத் தட்டிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. படிப்பும் அனுபவமும் லென்ஸும் வைத்துக்கொண்டு நான்கு பேர் அந்தப் படத்தைப் பார்த்தோம். நான்கு பேரும் கொடியை மட்டும் பார்த்தோம். செடியைத் தவிர மற்றதைக் கண்ணிலிருந்து விலக்குவது எங்கள் தொழில் கொடுத்த பழக்கம். பக்கத்தில் நின்ற பெண்ணை யாரும் பார்க்கவில்லை.

ஜாவீதைக் கூப்பிட்டேன். லட்சுமம்மாவின் போனை வாங்கி, ஒரு மருந்துப் பாட்டிலைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை போலச் சிரித்துத் தன்னையே படம் எடுத்தான். எடுத்ததைத் திறந்து பார்த்தோம். பாட்டில் மேல் இருந்த எழுத்தெல்லாம் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவது போல இருந்தது.

“ஹவ் மேடம்! உல்டா!” என்று கத்தினான். “இந்த போன் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரியே படத்தைச் சேமிக்குது!”

நான் படத்தையும் போனையும் எடுத்துக்கொண்டு சுப்பாராவ் சார் அறைக்கு ஏறக்குறைய ஓடினேன். சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“பார்த்தேன் சார்.” முந்தானையைக் காட்டினேன். பிறகு பாட்டிலைக் காட்டினேன்.

நீண்ட நேரம் இரண்டையும் பார்த்தார். வாய் ஓரம் லேசாக அசைந்தது, சிரிப்பென்றும் சொல்லலாம். ஆனால் உடனே சொன்னார்: “படம் இடவலம் மாறினதுன்னு தெரியுது. புடவை சாட்சி சொல்லுது. கொடி இன்னும் சாட்சி சொல்லலையே.”

பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த லட்சுமம்மா விடவில்லை. “ஒரு கண்ணாடியை எடுத்து அந்தப் படத்துக்கு எதிர்ல பிடிங்க சாரு. நேரா தெரியும். முடிஞ்சது.”

“தெரியும்மா. ஆனா நான் கையெழுத்துப் போடறது கண்ணாடிக்கு இல்ல, கொடிக்கு.”

“கொடியில இலை எல்லாம் கொட்டிப்போச்சே!”

“இலை எனக்கு வேண்டாம். காய்ஞ்ச தண்டு மரத்துல இருக்கா?”

“அதுக்கு என்ன, சுத்தினது சுத்தினபடி இருக்கு.”

“அப்போ போய்ப் பார்க்கலாம்” என்றார் சார். அவர் நாற்காலியை விட்டு ஒரு சரக்குக்காகப் புறப்பட்டதை யாரும் அதுவரை கண்டதில்லை.

மறுநாள் அதிகாலை வேனில் கிளம்பினோம். சார், நான், ஜாவீத். முன் இருக்கையில் லட்சுமம்மா டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தாள். வழியில் எந்த ஊரில் எந்தக் கடையில் பஜ்ஜி நன்றாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவள் சொன்ன கடையில் நிறுத்தினோம். சார் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பஜ்ஜியைத் தட்டில் வைத்துத் தொடாமல் பார்த்தார். “மோந்து பார்க்க நக்கோ சார், மிளகாய்தான்” என்றான் ஜாவீத். சார் அன்று அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை.

காட்டோரத்தில் மற்றப் பெண்கள் காத்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வரிசையாக நின்று எங்கள் காலடியையே பார்த்தார்கள். லட்சுமம்மா முதல் மரத்துக்குக் கூட்டிப் போனாள். காய்ந்து பழுப்பேறிய கொடி, ஒரு இளமரத்தைச் சுற்றி ஏறி அப்படியே நின்றிருந்தது. கீழே உதிர்ந்த குட்டிக் கிழங்குகள் ஒன்றிரண்டு. சார் எதிரே நின்றார். மறுபக்கம் போனார். குந்தி உட்கார்ந்து அடியிலிருந்து விரலால் தண்டைத் தொடர்ந்தபடியே எழுந்தார். இடச்சுற்று. அடுத்த மரம், இடச்சுற்று. அதற்கடுத்ததும் அப்படியே. நான் ஒவ்வொன்றையும் போனின் பின்பக்கக் கேமராவால் படம் எடுத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டே வந்தது.

ஒரு புதர் ஓரத்தில் சார் நின்றுவிட்டார். அங்கே ஒரு கொடி வலப்பக்கம் சுற்றியிருந்தது.

என் சந்தோஷம் அடியோடு வடிந்தது. வலச்சுற்று வள்ளி இதே காட்டில் இருக்கிறது என்றால், அது மூட்டையில் கலந்திருக்கலாம். சார் லட்சுமம்மாவைப் பார்த்தார். “இது என்ன?”

“அதுவா? அது வேற. தித்திப்பா இருக்கும்.”

“இதையும் தோண்டினீங்களா?”

“தோண்டுவோம். எப்பவும் தோண்டுவோம்.”

“எங்களுக்கு அனுப்பின மூட்டையில?”

அவள் மட்டுமல்ல, வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் லட்சுமம்மாவின் குரல் மற்றதை அடக்கியது. “சாரு, அது ஓர் ஆள் கை நீளத்துக்குக் கீழ போகும். அரை நாள் தோண்டினாத்தான் முழுசா வரும். அது எங்க சாப்பாடு. அதைப் போய் உங்களுக்கு விப்போமா?”

சார் அந்தக் கொடியின் அடியில் தோண்டச் சொன்னார். இரண்டு பெண்கள் முறை மாற்றித் தோண்டினார்கள். நாங்கள் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் வெளியே வந்தது உலக்கை போல நீண்ட, மெலிந்த கிழங்கு. வழவழப்பான தோல், ஒன்றிரண்டு வேர்தான். சார் அதைக் குறுக்கே ஒடித்து, தன் பையிலிருந்து மூட்டையின் வில்லை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று எலுமிச்சம்பழ அகலம்கூட இல்லை. மற்றது உள்ளங்கை அகலம், ஓரமெல்லாம் வேர்க்கட்டை. இதிலிருந்து அது வரவே முடியாது. சார் என்னிடம், “எல்லா மூட்டையையும் நாம கொட்டிப் பார்த்தோம், இல்லையா?” என்று கேட்டார்.

“பார்த்தோம் சார். இந்த மாதிரி மெலிசான வில்லை ஒண்ணுகூட இல்ல.”

தலையை ஆட்டிவிட்டுக் கைகளைத் தட்டி மண்ணை உதிர்த்தார். பெண்கள் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் வேனை நோக்கி நடந்தார்.

“என்ன சாரு, தேறிச்சா இல்லையா? சொல்லிட்டுப் போங்க!” என்றாள் லட்சுமம்மா.

“எழுதித் தரேன்.”

“எழுதறதை வாயால சொன்னா என்ன குறைஞ்சு போகும்?”

அவர் நின்றார். இத்தனை வருடத்தில் மேனேஜர்களுக்கும் முதலாளிகளுக்கும் வளையாத மனுஷர் ஒரு நொடி தடுமாறியதைப் பார்த்தேன். ஆனாலும் வண்டியில் ஏறிவிட்டார். ஜன்னல் வழியாக நான் லட்சுமம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியதை அவர் பார்க்கவில்லை என்று அப்போது நினைத்தேன். பார்த்திருந்தார் என்று ஜாவீத் பிறகு சொன்னான். வண்டி கிளம்பும்போது அந்த நீண்ட கிழங்கை ஒரு பெண் ஓடி வந்து ஜாவீத் மடியில் போட்டாள். அவன் மனைவி அதை மசாலா போட்டு வறுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். உண்மையிலேயே தித்திப்பாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் வேலை தொடங்கியதும் சார் மேசையில் உட்கார்ந்து எழுதினார். பெயர், பகுதி, தோற்றம், தண்டின் சுற்று, நேரில் கண்டது, கடைசி வரியில் ‘ஏற்கத்தக்கது’. கையெழுத்துப் போட்டு மையை உலரவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

“எஸ்தரம்மா, அந்த அம்மாவுக்குப் போன் போடுங்க.”

“கம்பெனிக்குத்தானே சார் முதல்ல அனுப்பணும்?”

“அனுப்பலாம். முதல்ல போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

போட்டேன். மறுமுனையில் கோழி கத்தும் சத்தமும் யாரோ பாத்திரம் கழுவும் சத்தமும் கேட்டன. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசி வரியை மட்டும் தெலுங்கில் வாயால் படித்தார். மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு எழுந்த கூச்சலில் சார் போனை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டியிருந்தது. குத்தகைக்காரரின் பெயரைச் சொல்லி யாரோ டீக்கடைக்கு ஓடுவது கேட்டது. ஜாவீத் வாசலில் நின்று கைதட்டினான். கூச்சல் அடங்கியதும் லட்சுமம்மாவின் குரல் மட்டும், வியாபாரக் குரலில் வந்தது.

“சாரு, இன்னும் நாலு மூட்டை இருக்கு. அனுப்பட்டுமா?”

சுப்பாராவ் சார் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“அனுப்பும்மா, படத்தோட அனுப்பு” என்றார். “செல்ஃபி மட்டும் நக்கோ.”